தெருவில் நோய் பரவத் தொடங்கினால் முதலில் எதைச் செய்ய வேண்டும்?

ஒரு பகுதியில் ஒரே வாரத்தில் பலருக்கு ஒரே மாதிரியான காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் அங்கே குடியிருப்பவர்களும் உள்ளாட்சி அமைப்பும் சுகாதாரப் பணியாளர்களும் என்ன செய்ய வேண்டும், மருந்து தெளிப்பதையும் எல்லாவற்றையும் இழுத்து மூடுவதையும் விட்டால் வேறு வழி உண்டா என்பதே கேள்வி. வழி உண்டு. ஆனால் அதில் பெரும்பகுதி பார்ப்பவர் கண்ணில் படாத வேலை. தெருவோரத்தில் வெள்ளைக் கோடாகப் பிளீச்சிங் பவுடரைத் தூவினால் 'ஏதோ நடக்கிறது' என்ற ஆறுதல் எல்லோருக்கும் கிடைக்கும். ஒரு பணியாளர் வீடு வீடாகப் போய், 'உங்களுக்கு முதல் முறை வயிற்றாலே போனது எந்தக் கிழமை, காலையா மாலையா?' என்று கேட்டு எழுதிக்கொண்டால் யாருக்கும் அது பெரிதாகத் தோன்றாது. தொற்றுநோய்த் தடுப்பில் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பரவலை நிறுத்துவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வேலைதான்.

எந்த நிலையில் இதைப் 'பரவல்' என்று கொள்வது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அந்த இடத்தில், அந்தக் காலத்தில் வழக்கமாக எதிர்பார்க்கும் எண்ணிக்கையைவிட நோயாளிகள் கூடினால் அது பரவல். ஆகையால் வழக்கமான எண்ணிக்கை என்ன என்று தெரியாத இடத்தில் கூடுதலையும் கண்டுபிடிக்க முடியாது. சில நோய்களுக்கு இந்தக் கணக்கே தேவையில்லை. காலராவோ போலியோவோ இல்லாத பகுதியில் ஒரே ஒரு நோயாளி வந்தாலும் அது அவசர நிலை. முதல் தடயம் மருத்துவமனையில்தான் கிடைக்கும் என்றும் இல்லை. பள்ளி வருகைப் பதிவேட்டில் ஒரே வகுப்பில் ஏழெட்டுப் பேர் வராமல் இருப்பது, மருந்துக் கடையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் திடீரெனத் தீர்ந்துபோவது, குழாய் நீரில் நாற்றம் என்று ஒரே தெருவிலிருந்து நாலு பேர் புகார் சொல்வது ஆகியவை ஆய்வக முடிவுக்குப் பல நாட்கள் முன்பே கிடைக்கும் செய்திகள். பரவலை 7 நாட்களுக்குள் கண்டறிய வேண்டும், அடுத்த 1 நாளுக்குள் உரிய சுகாதார அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும், அதன்பின் 7 நாட்களுக்குள் தொடக்க நடவடிக்கைகளை முடிக்க வேண்டும் என்று '7-1-7' என்ற இலக்கு ஒன்று பொதுச் சுகாதாரத் துறையில் இன்று புழக்கத்தில் இருக்கிறது. என் அனுபவத்தில் இதில் அதிகம் சறுக்குவது நடுவில் உள்ள அந்த ஒரு நாள். 'ஊர்ப் பேர் கெட்டுவிடும்', 'இன்னும் உறுதியாகவில்லையே' என்ற இரண்டு காரணங்களில் ஒன்றைச் சொல்லித் தகவலை மேசையிலேயே வைத்திருப்பார்கள்.

தெரிவித்த கையோடு நோயாளிப் பட்டியலைத் தொடங்க வேண்டும். ஒருவருக்கு ஒரு வரி: வயது, ஆணா பெண்ணா, வீடு இருக்கும் தெரு, குடிநீர் எங்கிருந்து வருகிறது, வேலை அல்லது பள்ளி, நோய்க்குறிகள், அவை தொடங்கிய நாளும் நேரமும், கடந்த சில நாட்களில் போன இடங்கள், மாதிரி எடுத்தாயிற்றா, இப்போது எப்படி இருக்கிறார். யாரைப் பட்டியலில் சேர்ப்பது என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான வரையறை ஒன்று வேண்டும். '24 மணி நேரத்தில் மூன்று முறையோ அதற்கு மேலோ நீராக மலம் போனவர், இன்ன தேதிக்குப் பிறகு, இன்ன பகுதியில்' என்று எழுதி வைக்காவிட்டால், ஒரு பணியாளர் லேசான வயிற்று வலியையும் சேர்ப்பார், இன்னொருவர் மருத்துவமனையில் படுத்தவரை மட்டும் சேர்ப்பார். இரண்டு பட்டியல்களையும் ஒன்றாகக் கூட்டினால் கிடைப்பது வெறும் குழப்பம்.

நான் ஒரு முறை மஞ்சள் காமாலைப் பரவல் ஒன்றில் வேலை செய்தபோது, அங்கே ஏற்கெனவே ஒரு பதிவேடு இருந்தது. அழகாக எழுதப்பட்டிருந்தது. ஆனால் தேதிக் கட்டத்தில் இருந்ததெல்லாம் நோயாளி மருத்துவமனைக்கு வந்த நாள். உடம்பு சரியில்லாமல் போன நாள் எங்கும் இல்லை. மக்கள் திங்கட்கிழமைதான் அதிகம் வருகிறார்கள் என்பதை மட்டுமே அந்தப் பதிவேடு சொன்னது. ஒவ்வொரு வீட்டுக்கும் திரும்பப் போய் அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டுவர முழுதாக இரண்டு நாட்கள் பிடித்தன. சரியான தேதிகளை வரைபடத்தில் போட்டதும் முழுப் படமும் வேறாகத் தெரிந்தது.

நோய் தொடங்கிய நாளை ஒரு பக்கமும் அன்றைக்கு நோயுற்றவர் எண்ணிக்கையை மறுபக்கமும் வைத்து வரையும் கோட்டுக்கு உருவம் உண்டு. சட்டென்று ஏறி, ஒரு நோயரும்பு காலத்துக்குள் (தொற்று உடம்பில் புகுந்ததிலிருந்து நோய்க்குறி தெரியும்வரை ஆகும் காலம்) இறங்கிவிட்டால், எல்லோரும் ஏறக்குறைய ஒரே வேளையில் ஒரே மூலத்திலிருந்து தொற்றைப் பெற்றிருக்கலாம். ஒரு விருந்துச் சாப்பாடு, ஒரு நாள் கலங்கி வந்த நீர் போல. இறங்காமல் மேட்டு நிலமாக நீண்டால் மூலம் இன்னும் திறந்தே இருக்கிறது. அலை அலையாக, ஒவ்வோர் அலையும் முந்தையதைவிடப் பெரிதாக வந்தால் ஆளிடமிருந்து ஆளுக்குப் போகிறது. மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ வைரஸுக்கு நோயரும்பு காலம் 15 முதல் 50 நாட்கள், சராசரியாக 28. ஆகவே இன்றைக்குக் கண் மஞ்சளாகி வருபவரிடம் நேற்றுக் குடித்த நீரைப் பற்றிக் கேட்டால் எதுவும் கிடைக்காது. கோட்டின் உச்சியிலிருந்து நாலு வாரம் பின்னால் எண்ணிப் போய் அப்போது என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். காலராவில் இந்த இடைவெளி சில மணி நேரம் முதல் ஐந்து நாள் வரைதான் என்பதால், அங்கே நேற்றையும் முந்தாநாளையும் கேட்டால் பலன் உண்டு.

பலர் தவறவிடும் இன்னொரு படி, நோயுறாதவர்களையும் கேட்பது. ஒரு கற்பனைக் கணக்கு: நோயுற்ற 40 பேரில் 34 பேர் ஒரு குறிப்பிட்ட தொட்டியின் நீரைக் குடித்தவர்கள். உடனே தொட்டிதான் காரணம் என்று கை நீட்டத் தோன்றும். அதே பகுதியில் நலமாக இருக்கும் 40 பேரைக் கேட்கும்போது அவர்களிலும் 33 பேர் அதே நீரைக் குடித்திருந்தால், அந்தத் தொட்டி ஊருக்கே பொது என்பதைத் தவிர நமக்கு வேறெதுவும் தெரியவில்லை. 11 பேர் மட்டுமே குடித்திருந்தால் கதை வேறு. நலமாக இருப்பவரின் வீட்டுக் கதவைத் தட்டி 'நீங்கள் ஏன் நோயுறவில்லை?' என்று கேட்பது முதலில் கூச்சமாகத்தான் இருக்கும்.

1854இல் லண்டனின் பிராட் தெருவில் காலரா 600க்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது மருத்துவர் ஜான் ஸ்னோ, அந்தத் தெரு அடிபம்பின் நீரே காரணம் என்று கண்டு அதன் கைப்பிடியைக் கழற்ற வைத்த கதை எல்லோரும் அறிந்தது. அதில் அவருடைய உண்மையான கெட்டிக்காரத்தனம், அந்தப் பம்புக்கு அருகிலேயே இருந்தும் சாகாதவர்களைக் கவனித்ததில் இருக்கிறது. பக்கத்து மதுவடிப்பாலையின் தொழிலாளர்கள் அந்த நீரைக் குடிக்கவில்லை. அருகிலிருந்த ஏழைகள் விடுதிக்குத் தனிக் கிணறு இருந்தது. இந்தக் கதையின் பின்பாதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்தப் பகுதியின் பாதிரியார் ஹென்றி வைட்ஹெட், ஸ்னோவின் கருத்தைத் தவறென்று காட்டும் எண்ணத்தோடுதான் வீடு வீடாக விசாரிக்கத் தொடங்கினார். எல்லோரையும் பெயர் சொல்லி அழைக்கும் பழக்கம் உள்ளவர் என்பதால், அந்நியரிடம் சொல்லாததை அவரிடம் சொன்னார்கள். கடைசியில் பம்பை ஒட்டிய வீட்டில் ஒரு கைக்குழந்தைக்கு முதலில் பேதி கண்டதையும், அதன் துணிகளை அலசிய நீர் கிணற்றுக்கு மிக அருகிலிருந்த கழிவுக்குழியில் ஊற்றப்பட்டதையும் கண்டுபிடித்தவர் அவர்தான். கைப்பிடி கழற்றப்பட்ட செப்டம்பர் 8ஆம் தேதிக்குள் பரவல் தானாகவே தணிந்துகொண்டிருந்தது உண்மை. ஆனால் அதே நாளில் அந்தக் குழந்தையின் தந்தையும் நோயில் விழுந்தார். கைப்பிடி இருந்திருந்தால் அதே குழி வழியாக இன்னொரு சுற்று தொடங்கியிருக்க இடமுண்டு. அந்தத் தெருவில் பழகிய ஒரு மனிதரைக் குழுவில் சேர்த்துக்கொள்வது எவ்வளவு முக்கியம் என்று கேட்பவர்களுக்கு நான் வைட்ஹெட்டைத்தான் சொல்வேன்.

கிருமியின் பெயர் தெரியும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நீர்வழி என்ற ஐயம் வலுத்தாலே நீரைக் கவனிக்கலாம். தொடர்ச்சியாக இல்லாமல் சில மணி நேரம் மட்டும் நீர் விடும் குழாய்களில் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை விளக்க வேண்டும். நீர் அழுத்தத்தோடு ஓடும்போது வெடிப்பிலிருந்து நீர் வெளியே கசிகிறது. விநியோகம் நின்று குழாயில் அழுத்தம் குறைந்ததும் அதே வெடிப்பு வழியாக வெளியே தேங்கிய சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. அடுத்த முறை நீர் விடும்போது முதலில் வருவது அதுதான். ஆகவே நோயாளிகளின் வீடுகளை வரைபடத்தில் புள்ளி வைத்துக் குறித்து, அதன் மேல் குழாய்ப் பாதையையும் சாக்கடைப் பாதையையும் வரைந்தால், இரண்டும் குறுக்கிடும் இடம் பல வேளைகளில் தானே முகத்தைக் காட்டும். அங்கே தோண்டிப் பார்க்க வேண்டும்.

குளோரினைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இங்கே நடக்கும் தவறுகள் ஏராளம். பிளீச்சிங் பவுடர் புதிதாக இருக்கும்போது அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குளோரின்; மூட்டையைத் திறந்து ஈரக் காற்றில் போட்டால் நாளாக நாளாக அது வெறும் சுண்ணாம்பாகிவிடும். தூளை அப்படியே தொட்டியில் கொட்டக் கூடாது. வாளியில் கொஞ்சம் நீர் விட்டுக் கூழாகக் குழைத்து, பின் நீர் நிரப்பிக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படியும்வரை விட்டு, மேலே தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். எவ்வளவு தூள் போட்டோம் என்ற கணக்கைப் பதிவேட்டில் எழுதிவிட்டு நிம்மதியாகிவிடுவார்கள். கேட்க வேண்டிய கணக்கு வேறு: அரை மணி நேரம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்கிறதா, விநியோகத்தின் கடைசி வீட்டுக் குழாயில் குறைந்தது 0.2 மில்லிகிராமாவது வருகிறதா? சோதனைக் குழாயில் அந்த நீரைப் பிடித்து, குளோரின் சோதனை மாத்திரையைப் போட்டு, இளஞ்சிவப்பு நிறம் வருகிறதா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். நிறம் வராவிட்டால், வழியில் எங்கோ அழுக்கு குளோரினைத் தின்றுகொண்டிருக்கிறது. நீர் சரியாகும்வரை கொதிக்க வைத்துக் குடிப்பதே பாதுகாப்பு. குமிழிகள் நன்றாகப் பொங்கி ஒரு நிமிடம் கொதித்தால் போதும். தெருவோரத்தில் தூவும் பவுடரால் குடிநீருக்கு எந்தப் பயனும் இல்லை.

மூலத்தைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் யாரும் சாகாமல் பார்த்துக்கொள்வதும் அதே பணியின் பாதி. 1971இல் வங்கதேசப் போரின் அகதிகள் தங்கியிருந்த மேற்கு வங்கத்தின் பனகாவ் முகாமில், நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பு-சர்க்கரைக் கரைசலைப் பீப்பாய்களில் கலக்கி, நோயாளிகளின் உறவினரையே ஊட்டச் சொன்னார். 30 சதவீதம்வரை இருந்த இறப்பு விகிதம் 3.6 சதவீதமாகக் குறைந்தது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்காத இடத்தில், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போட்டுக் கலக்கலாம். உப்பு கூடிவிடக் கூடாது, குறிப்பாகக் குழந்தைகளுக்கு. கண் குழிந்து, துவண்டு, குடிக்க முடியாமல் போனால் வீட்டில் வைத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

டெங்குவில் கண்ணுக்குத் தெரியும் வேலை, புகைமருந்து அடிப்பது. அது அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசுவை மட்டும் கொல்கிறது. வீட்டுக்குள் அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் பெரும்பாலும் எட்டுவதில்லை. முட்டையிலிருந்து கொசுவாவதற்கு ஏழு முதல் பத்து நாட்கள் ஆகும் என்பதால், வாரம் ஒரு முறை எல்லாப் பாத்திரங்களையும் கவிழ்த்தால் சுழற்சி அறுபடும். கவிழ்த்தால் மட்டும் போதாது. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். தொட்டியின் உள் விளிம்பைத் தேய்த்துக் கழுவினால்தான் அவை போகும். நோயாளியைப் பொறுத்தவரை, காய்ச்சல் இறங்கும் நாளில்தான் அதிகக் கவனம் வேண்டும். 'காய்ச்சல் விட்டுவிட்டது' என்று வீட்டார் மகிழும் அந்த நேரத்தில் கடுமையான வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுதல் ஆகியவற்றில் ஏதேனும் கண்டால் தாமதிக்கக் கூடாது. காய்ச்சலுக்கு ஆஸ்பிரினும் இப்யூபுரூஃபனும் கொடுக்கக் கூடாது. பாராசிட்டமாலுக்கும் அளவு உண்டு.

தட்டம்மை வந்தால் நேரம்தான் எல்லாம். நோயுற்ற ஒருவர், எதிர்ப்பாற்றல் இல்லாத பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேருக்குத் தொற்றைத் தரக்கூடியவர். அவர் அறையை விட்டுப் போன பின்னும் இரண்டு மணி நேரம்வரை காற்றில் வைரஸ் இருக்கும். அதனால்தான் 95 சதவீதத்தினருக்கு இரண்டு தவணைத் தடுப்பூசி வேண்டும் என்கிறார்கள். மாவட்டத்தின் சராசரி நன்றாக இருந்தும் ஒரே தெருவில் தடுப்பூசி போடாத குழந்தைகள் கூட்டமாக இருந்தால், நோய் அந்தத் தெருவைத்தான் கண்டுபிடிக்கும். தொடர்பு ஏற்பட்ட 72 மணி நேரத்துக்குள் போட்ட ஊசி நோயைத் தடுக்கவோ தணிக்கவோ கூடும். பெரியம்மை ஒழிப்பிலும் இந்த வேகம்தான் வேலை செய்தது. 1966 இறுதியில் கிழக்கு நைஜீரியாவில் எல்லோருக்கும் போடத் தடுப்பூசி இல்லாத நிலையில், அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஃபேகி வானொலி மூலம் மதப் பணியாளர்களைத் தொடர்புகொண்டு எந்தெந்த ஊரில் நோயாளி இருக்கிறார் என்று கேட்டறிந்து, அந்த நோயாளிகளைச் சுற்றியிருந்தவர்களுக்கு மட்டும் போட்டார். பரவல் நின்றது.

தனிமைப்படுத்தலுக்கு வருவோம். தமிழில் இந்த ஒரே சொல்லை இரண்டு வேறு செயல்களுக்குப் பயன்படுத்துவதால் குழப்பம் வருகிறது. நோயுற்றவரைப் பிறரிடமிருந்து பிரித்துச் சிகிச்சை அளிப்பது ஒன்று. நோயுற்றவரோடு பழகி, இன்னும் நலமாக இருப்பவரை நோயரும்பு காலம் முடியும்வரை தனித்திருக்கச் சொல்வது மற்றொன்று. இரண்டு கூட்டத்தையும் ஒரே கூடத்தில் அடைத்தால், நலமாக வந்தவருக்கு நாமே நோயைக் கொடுக்கிறோம். பேச்சு வழக்கில் 'ஒதுக்கி வைப்பது' என்று சொல்லிவிடுவது இன்னும் மோசம். அந்தச் சொல்லுக்கு நம் சமூகத்தில் என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். நோயாளியின் வீட்டு வாசலில் தாளை ஒட்டிப் பெயரைப் பரப்பினால் அடுத்த நோயாளி ஒளிந்துகொள்வார். ஒளிந்தவரைப் பட்டியலில் எழுத முடியாது. வீட்டில் இருக்கச் சொல்பவருக்கு உணவும் மருந்தும் இழந்த கூலியும் எங்கிருந்து வரும் என்பதற்கு விடை சொல்லிவிட்டுத்தான் இருக்கச் சொல்ல வேண்டும்.

அப்படியானால் முழு அடைப்பு எப்போது? 2003இல் சார்ஸ் என்ற கடும் சுவாச நோய் 8,000க்கும் மேற்பட்டோரைத் தாக்கி, 774 பேரைக் கொன்று, ஜூலைக்குள் அடங்கியது. சார்ஸ் நோயாளி அதிகமாகப் பரப்புவது உடம்பு நன்றாகச் சரியில்லாமல் போன பிறகு என்பதால், நோயாளிகளைக் கண்டுபிடித்துப் பிரிப்பதே போதுமாக இருந்தது. கோவிட் நோயில் அறிகுறி தெரியும் முன்பே தொற்று பரவிவிடுவதால் அந்த முறை மட்டும் போதவில்லை. சங்கிலியைப் பின்தொடர முடியாமல், படுக்கைகள் நிரம்பும் நிலையில், அடைப்பு சில வாரங்களை விலைக்கு வாங்கித் தருகிறது. அந்த வாரங்களில் படுக்கை, ஆக்சிஜன், ஆட்கள் ஆகியவற்றைச் சேர்க்காவிட்டால் கொடுத்த விலை வீண். நீர்வழி நோய்க்குக் கடைத்தெருவை மூடுவதில் எந்தப் பொருளும் இல்லை.

இவை எல்லாவற்றுக்கும் மக்கள் கதவைத் திறக்க வேண்டும். 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, இறந்தவர் உடலே மிகுந்த தொற்றுள்ளது என்பதால், முழு அங்கி அணிந்தவர்கள் வந்து உடலை உறையில் கட்டி எடுத்துப் போனார்கள். அறிவியல்படி அது சரி. உறவினருக்கோ தந்தையின் முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. விளைவாக உடல்கள் இரவில் மறைவாகப் புதைக்கப்பட்டன. கினி நாட்டின் வோமே என்ற ஊரில் அந்தச் செப்டம்பரில், விழிப்புணர்வுக்காகச் சென்ற குழுவில் எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். அதன்பின் உலகச் சுகாதார நிறுவனம் அடக்க முறையைத் திருத்தியது: குடும்பத்தார் தொலைவில் நின்று பார்க்கலாம், பிரார்த்தனை செய்யலாம், எப்படி அடக்கம் செய்வது என்று அவர்களிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். தொற்றுத் தடுப்பில் எதுவும் குறையவில்லை. மறைத்துப் புதைக்க வேண்டிய காரணம்தான் குறைந்தது. வதந்தியையும் இப்படித்தான் அணுக வேண்டும். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், ஒரே ஆள், உறுதியானது இது, இன்னும் தெரியாதது இது, அதைத் தெரிந்துகொள்ள இன்று செய்தது இது என்று சொன்னால், நாலு நாளில் மக்கள் அந்த நேரத்துக்குக் காத்திருப்பார்கள்.

பரவலின் பரபரப்பில் வழக்கமான பணிகள் நின்றுவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். காங்கோ ஜனநாயகக் குடியரசின் கிழக்குப் பகுதியில் 2018 முதல் 2020 வரை நீடித்த எபோலா ஏறக்குறைய 2,300 பேரைக் கொன்றபோது, அதே நாட்டில் 2019இல் தொடங்கிய தட்டம்மை 6,000 பேருக்கு மேல் கொன்றது. உலகத்தின் கண் எபோலா மீதே இருந்தது.

முடிந்தது என்று எப்போது சொல்வது? கடைசி நோயாளிக்குப் பின், அந்த நோயின் மிக நீண்ட நோயரும்பு காலத்தைப் போல இரண்டு மடங்கு நாட்கள் புதிதாக யாரும் இல்லாமல் கழிய வேண்டும் என்பது பொது வழக்கம். எபோலாவுக்கு அது 42 நாட்கள். ஹெபடைடிஸ் ஏ என்றால் மூன்று மாதத்துக்கு மேல். அந்த நாட்கள் முழுவதும் பட்டியலைத் திறந்தே வைத்து, 'இன்று புதிய நோயாளி இல்லை' என்ற வரியையும் தேதியோடு எழுத வேண்டும். வெற்றுத் தாளைப் பார்ப்பவருக்கு, அன்று யாருக்கும் நோய் வரவில்லையா, யாருமே கேட்கப் போகவில்லையா என்று தெரியாது.